வாங்கும் கை

உதவி செய்யவென்று கடல் கடந்து போனவரும் மறுநாள் காலை தக்காளி வாங்கியாக வேண்டும். கானா நாட்டின் குமாசி நகரில், பள்ளியொன்றில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போன தன்னார்வலர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கெஜெட்டியா சந்தைக்குள் அவர் முதன்முதலாக நுழைகிறார். மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று அது. வள்ளிக்கிழங்குக்கு ஒரு வரிசை, புகையூட்டிய மீனுக்கு ஒரு வரிசை, செம்பனை எண்ணெய்க்கு ஒன்று, துணிக்கு ஒன்று எனச் சரக்குக்கொரு தெருவாக அது விரிகிறது. தலையில் பெருஞ்சுமையோடு வரும் பெண்கள் வழிவிடச் சொல்லிக் குரல் கொடுக்க, அவர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். விலை தெரியாது. அளவை தெரியாது. ட்வி மொழியில் இரண்டு சொல்லுக்கு மேல் வாயில் வராது. பள்ளியில் அவருக்காகக் காத்திருந்தார்கள். இங்கே யாரும் காத்திருக்கவில்லை.

இந்த வேறுபாட்டின் முன் நாம் சற்று நின்று பார்க்கலாம். வெளிநாட்டில் தொண்டு செய்பவர் ஒரே நாளில் இரண்டு விதமான உறவுகளுக்குள் வாழ்கிறார். வகுப்பறையில் அவர் கொடுப்பவர். தம்மிடம் இருப்பது எதிரே இருப்பவர்களிடம் இல்லை என்ற எண்ணத்தின் மேல்தான் அந்த உறவு எழுந்திருக்கிறது; எவ்வளவு பணிவாக நடந்துகொண்டாலும் அந்த ஏற்றத்தாழ்வு அறையைவிட்டு வெளியேறுவதில்லை. சந்தையிலோ தேவை அவருடையது. சரக்கும் மொழியும் அறிவும் எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணிடம் இருக்கின்றன. பள்ளிக்கு அவர் வராவிட்டால் ஒரு வகுப்பு நின்றுபோகும். சந்தைக்கு அவர் வராவிட்டால் எதுவும் நின்றுபோகாது. ஆயினும், அந்த ஊரில் கிடைத்த நல்ல நட்பு சந்தையில்தான் கிடைத்தது என்று போய் வந்தவர்கள் சொல்லக் கேட்கிறோம். அன்பைக் கொடுக்கப் போன இடத்தில் நன்றி கிடைக்க, காசு கொடுத்துக் காய் வாங்கிய இடத்தில் அன்பு கிடைப்பது ஏன்?

கானாவைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. 1957 மார்ச் 6 அன்று அந்நாடு விடுதலை பெற்றது. அமெரிக்க அதிபர் கென்னடி 1961-இல் தொடங்கிய பீஸ் கோர் என்ற தன்னார்வ அமைப்பின் முதல் குழு, அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் தலைநகர் அக்ராவில் வந்திறங்கியது. ஏறத்தாழ 50 இளம் ஆசிரியர்கள். விமானத்தைவிட்டு இறங்கியதும், வரவேற்க வந்தவர்கள் முன்னால் வரிசையாக நின்று, கானாவின் நாட்டுப்பற்றுப் பாடலொன்றை அவர்கள் ட்வி மொழியில் பாடினார்கள். உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்பதில் என்ன இருக்கிறது? கற்பிக்க வந்தவர்கள் முதலில் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். கொடுக்கத் தொடங்குமுன் அந்த மண்ணிடமிருந்து ஒன்றைப் பெற்றிருந்தார்கள். பிரிட்டனில் 1958-இலேயே பிறந்த விஎஸ்ஓ, 1970-இல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த தன்னார்வலர் திட்டம் என இப்படிப்பட்ட வழிகள் பெருகின. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் அவற்றில் போய் வருகிறார்கள்.

இந்தப் போக்குவரத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டவர் சிந்தனையாளர் இவான் இல்லிச். 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களைப் பார்த்து அவர் பேசிய பேச்சு புகழ்பெற்றது. எங்கள் நாட்டைப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அதன் சாரம். அதை முழுவதுமாக ஏற்க நம் மனம் ஒப்பவில்லை. யாரோ ஒருவர் தொலைவிலிருந்து வந்து சொல்லிக் கொடுத்த கணக்கினால் படிப்பைத் தொடர முடிந்த ஒரு சிறுமியிடம் போய் அந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்க முடியாது. ஆனால் இல்லிச் தொட்ட புண் உண்மையானது. உதவி என்ற எண்ணம், உதவி பெறுகிறவரைப் பார்க்கவிடாமல் மறைத்துவிடும் வல்லமை கொண்டது. குறையைத் தேடிப் போகும் கண்ணுக்குக் குறை மட்டுமே தெரியும். அந்தக் கண்ணைத் திருத்துகிற இடம் எது என்று இல்லிச் சொல்லவில்லை. சந்தை அந்த இடங்களுள் ஒன்று என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆப்பிரிக்கா என்றதும் கை நீட்டி நிற்கும் ஒரு முகம் நம் நினைவில் எழுமானால், அதை வரைந்தவை நாம் பார்த்துப் பழகிய விளம்பரங்கள். குமாசி சந்தையில் அந்தச் சித்திரம் நெடுநாள் நிற்காது. அங்கே வணிகம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. வள்ளிக்கிழங்கு விற்பவர்களுக்கு ஒரு தலைவி, தக்காளி விற்பவர்களுக்கு ஒரு தலைவி என ஒவ்வொரு சரக்குக்கும் ‘அரசி’ என்றே அழைக்கப்படும் மூத்த பெண் ஒருவர் இருக்கிறார். வியாபாரிகளுக்குள் எழும் வழக்கைத் தீர்ப்பதும், வெளியூர் லாரிக்காரர்களோடு பேசுவதும், உறுப்பினர் வீட்டு இழவுக்கு எல்லோரையும் கூட்டிச் செல்வதும் அவர் பொறுப்பு. சூசூ எனப்படும் சிறுசேமிப்பைத் திரட்டுபவர் நாள்தோறும் கடை கடையாக வந்து ஒரு சிறு தொகையை வாங்கிப் போகிறார். மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தம் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறார். இந்த ஏற்பாடு முழுவதும் தெரிந்த முகத்தின் மேல் வைத்த நம்பிக்கையில் நடக்கிறது. கிரேசியா கிளார்க் என்ற மானுடவியலாளர் 1970-களின் இறுதியில் தொடங்கி இந்தப் பெண்களோடு பழகி ஆராய்ந்து, 1994-இல் அவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அவர்கள் பட்ட அடியும் வரலாற்றில் இருக்கிறது. பொருள் தட்டுப்பாட்டுக்கும் விலையேற்றத்துக்கும் சந்தைப் பெண்களே காரணம் என்று பழி சுமத்தி, 1979-இல் ஜெர்ரி ராலிங்ஸின் ராணுவ ஆட்சி அக்ராவின் பெயர்பெற்ற மகோலா சந்தையைத் தரைமட்டமாக்கியது. வியாபாரம் செய்த பெண்கள் பொது இடத்தில் கசையடி பட்டார்கள். இடித்தவர்கள் ஆட்சி போய்விட்டது. பெண்கள் மறுபடியும் கடை விரித்தார்கள். மகோலா இன்றும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் முன்னால் ‘பாவம்’ என்ற சொல்லோடு போய் நிற்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அந்தச் சந்தையில் விலை கேட்பதற்கு முன் வணக்கம் சொல்ல வேண்டும். நேரே விலையைக் கேட்பவருக்கும் விலை சொல்லப்படும்; ஆனால் அவரை ஒரு மனிதராக அங்கே எடுத்துக்கொண்டதாக ஆகாது. கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்நிய நிலத்தில் முதல் ஆறுதல்கூட அதுவாக இருக்கலாம். தக்காளி கூறு கட்டி வைத்திருக்கும். பயறு, மாவு வகைகள் ஒலொங்கா எனப்படும் தகரப் படியால் அளக்கப்படும். பேரம் பெரும்பாலும் விலையில் நடப்பதில்லை, அளவில் நடக்கிறது. கூறின் விலை கூறின் விலைதான். அதன் மேல் இன்னும் இரண்டு பழம் வைக்க வேண்டும் என்று கேட்பதும், ஒன்றுதான் வைப்பேன் என்பதும், கேட்டவர் நகர்வதுபோல் நகர்வதும், விற்றவர் ஆன்ட்டி என்று அழைத்த குரலுக்கு இரங்குவதுபோல் இரங்குவதும் அங்கே பேரமாகிறது.

அந்தக் கொசுறைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. விலை என்பது இருவரையும் விடுவிப்பது. காசு கைமாறிவிட்டது, பொருள் வந்துவிட்டது, இனி ஒருவர் மற்றவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. இருவரும் அந்நியர்களாகப் பிரியலாம். விலையின் நீதி இது, அதன் தூய்மையும் இதுவே. கொசுறோ, விடுபட்ட இருவரையும் மறுபடி பிணைக்கிறது. உரிமையாகக் கேட்டுப் பெறும் பொருளாக அது ஆவதில்லை. தருமம் என்றும் அதைச் சொல்ல முடியாது. நாளை நீ வருவாய் என்று நான் நம்புகிறேன் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பேச்சு கிடையாது. இதைப் பெற்றுக்கொள்ளத் தன்னார்வலருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. தம்மைவிட எளியவர் என்று தாம் முடிவு கட்டிய ஒருவரிடமிருந்து இரண்டு பழத்தை இனாமாக வாங்குவது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே கேட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிடுகிறார்; சில்லறையை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அதைப் பெருந்தன்மை என்று எண்ணுகிறார். ஆனால் பேரம் பேச மறுப்பது, எதிரே இருப்பவர் தேர்ந்த வியாபாரி என்பதை ஒப்புக்கொள்ள மறுப்பதாகும். வகுப்பறையின் ஏற்றத்தாழ்வை அவர் சந்தைக்கும் சுமந்து வந்துவிட்டார். பேரம் பேசக் கற்றுக்கொண்ட நாளில்தான் அந்தப் பெண் அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். பக்கத்துக் கடைக்காரியிடம், இது எனக்குத் தெரிந்த பிள்ளை, ஏமாற்றாதே என்று சொல்கிறாள்.

பிறகு ஒரு நாள் அவர் எந்தக் கிழமையில் பிறந்தார் என்று கேட்பாள். ட்வி பேசும் அகான் மக்களிடையே பிறந்த கிழமையே ஒரு பெயர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் க்வாமே, சனிக்கிழமைப் பெண் அமா. நாட்டை விடுதலைக்கு அழைத்துச் சென்ற க்வாமே என்க்ருமாவும், ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலராயிருந்த கோஃபி அன்னானும் அப்படிப் பெயர் பெற்றவர்கள்தாம். தொலைவிலிருந்து வந்த இந்தப் பிள்ளையும் அன்றிலிருந்து சந்தையில் கோஃபி ஆகிறான், அல்லது அமா ஆகிறாள். உயர்ந்த சேவைக்காகத் தரப்படும் பட்டங்களை நாம் அறிவோம். அவை ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து உயரத்தில் நிறுத்துகின்றன. கிழமைப் பெயரோ ஒருவரைக் கூட்டத்துக்குள் அழைத்துக்கொள்கிறது. அந்தப் பெயர் நகரத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு இருக்கிறது. அதைப் பெற அவர் செய்ய வேண்டியிருந்த காரியம், மற்ற எல்லோரையும்போல ஏதோ ஒரு நாளில் பிறந்திருந்தது மட்டுமே. ஒருவருடைய பயனைப் பாராமல் அவருடைய இருப்பை மட்டும் பார்த்துத் தரப்படுகிற இந்த ஏற்பு, பயனுள்ளவராக இருப்பதற்காகவே பயணம் புறப்பட்ட மனிதரின் உள்ளத்தில் எதையோ அசைத்துவிடுகிறது.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையை இந்த வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்கலாம். ஈகையைப் பேசுவது இருபத்து மூன்றாம் அதிகாரம். பிறர் செய்த நன்மையை மறவாதிருக்கச் சொல்லும் செய்ந்நன்றியறிதல் அதற்கு வெகுமுன்னே, பதினோராம் அதிகாரமாக வந்துவிடுகிறது. வரிசை வகுத்தவரின் கருத்து எதுவாயினும், நமக்கு அதில் ஒரு பாடம் கிடைக்கிறது. பெற்றதை உணரத் தெரிந்த பின்னரே கொடுக்கும் கை பண்படுகிறது. பெறவே தெரியாதவர் கொடுக்கும்போது, தாம் எதுவும் பெற வேண்டாத உயரத்தில் இருப்பதை அவர் அறியாமலே பறைசாற்றிக்கொண்டிருக்கிறார்.

அந்த உயரத்திலிருந்து வந்து விழும் ஈகை என்ன ஆகிறது என்பதை அக்ராவின் கன்டமன்டோ சந்தை காட்டுகிறது. செல்வ நாடுகளில் உடுத்திக் கழித்தவை, பெரும் பகுதி தானமாகக் கொடுக்கப்பட்டவை, பொதி பொதியாகக் கப்பலேறி அங்கே வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாமலேயே, பலர் கடன் வாங்கி அந்தப் பொதியை எடுக்கிறார்கள். நல்ல துணி கிடைத்தால் பிழைப்பு. கிழிசலும் கறையும் கிடைத்தால் கடன் மட்டும் மிச்சம். விற்காதது குப்பையாகிக் கடற்கரைவரை போகிறது. 2025-ஆம் ஆண்டு பிறந்த உடனே அந்தச் சந்தையைப் பெருந்தீ விழுங்கியபோதும், வியாபாரிகளே முன்னின்று அதை எழுப்பிக்கொண்டார்கள். துணியைக் கொடுத்தவர்களின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. பெறுபவரின் முகத்தைப் பார்க்காத கொடை இப்படித்தான் வழிதவறும். முகத்தைப் பார்த்தும் தவறுவதுண்டு; அது இன்னும் வேதனையானது. குழந்தைகள் காப்பகங்களுக்குச் சில வாரத் தொண்டுக்காக வந்து, பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சி, புகைப்படத்தோடு திரும்பிப் போகும் வழக்கம் பல நாடுகளில் பெருகியது. வருகிறவர்களைக் கவர்வதற்காகவே, பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளையும் கொண்டுவந்து நிரப்பிய காப்பகங்கள் உண்டு. 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்த ஆஸ்திரேலியா, அதையொட்டி இந்தக் கொடுமையை வெளிப்படையாகப் பேசியது. ஒரு குழந்தையின் அன்பைப் பெற்றுக்கொண்டு மூன்றாம் வாரம் விமானம் ஏறுவது நட்பாகாது. நாம் போன பிறகும் உடையாமல் நிற்கக்கூடியவரிடம் நெருங்குவதே நெருக்கம். சந்தைப் பெண் அப்படி நிற்பவள். நாம் வருமுன்னும் அவள் கடை நடந்தது. நாம் போன பின்னும் நடக்கும்.

இந்த நெருக்கம் முதிர்ந்தால் ஒரு சனிக்கிழமை அவர் இழவு வீட்டுக்கு அழைக்கப்படுவார். அகான் மக்களின் வாழ்வில் ஈமச்சடங்கைப் போல் பெரிய நிகழ்வு இல்லை. ஊரே கறுப்பும் சிவப்பும் உடுத்தித் திரண்டிருக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தம்மாலான தொகையைக் கொடுக்கிறார்கள், பெயரும் தொகையும் எழுதப்படுகின்றன, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகின்றன. மொய் எழுதும் மரபில் பிறந்த ஒருவர் அந்த மேசையின் முன் நிற்கும்போது, தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும். அதே நாட்டில், அதே கையால், அவர் இதற்கு முன்னும் பணம் கொடுத்திருப்பார்: பள்ளிக்கு நாற்காலி வாங்க, யாரோ ஒரு மாணவனின் கட்டணத்தைக் கட்ட. அவற்றுக்கெல்லாம் நன்றி சொன்னார்கள். இதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்கள். எழுதியது, என்றைக்காவது திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக. நன்கொடையாளர் என்ற தனிமையான உயரத்திலிருந்து இறங்கி, செய்முறைக் கணக்கில் ஒரு வரியாக ஆகிவிடுகிற அந்தக் கணத்தில் அவர் அந்த ஊரின் மனிதராகிறார். ஏனென்றால் ஒரு சமூகம் தன்னுள் ஒருவரை ஏற்பது, அவரிடமிருந்து வாங்கும்போது நிகழ்வதைவிட, அவருக்குத் தான் பட்ட கடனை நினைவில் வைத்துக்கொள்ளத் தீர்மானிக்கும்போதே நிகழ்கிறது.

கொடை என்பது கொடுப்பது, பெறுவது, திருப்பிச் செய்வது என்னும் மூன்று கடமைகளால் ஆனது என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதினார். நவீன மனிதர்களாகிய நாம் முதல் கடமையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிட்டோம். யாருக்கும் கடன்படாமல் வாழ்வதே விடுதலை என்று நம்பினோம். அந்த நம்பிக்கை நம்மைப் பல விதங்களில் செழிக்கச் செய்திருந்தாலும், ஒருவருக்கும் கடன்படாதவர் ஒருவருக்கும் நண்பராகவும் இருக்க முடியாது என்பதை, கணக்குத் தீர்ந்த இடத்தில் உறவும் தீர்ந்துவிடுகிறது என்பதை, சமத்துவம் என்பது இருவரும் கடனில்லாமல் நிற்பதால் வருவதைவிட இருவருமே ஒருவருக்கொருவர் கடன்பட்டு, யார் அதிகம் என்று எண்ணுவதை விட்டுவிடுவதால் வருகிறது என்பதை, தொலைதேசத்துச் சந்தையில் கூறு கட்டி உட்கார்ந்திருக்கும் எழுத்தறியாத ஒரு பெண்ணிடம் போய்க் கற்க வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் நெடுநாளாகத் தீராமல் கிடக்கிறது. தன்னார்வலர் எந்த நாட்டுக்கும் போக வழி இருக்கிறது. விசாவும் வரவேற்பும் தங்க இடமும் அவருக்குக் கிடைக்கின்றன. அவருக்குச் சோறு போட்ட வீட்டுப் பிள்ளை எதிர்த்திசையில் புறப்பட்டால் வாசல்கள் அத்தனை எளிதில் திறப்பதில்லை. திறந்த பின்னும் இன்முகம் காத்திருப்பதில்லை. 2016-இல் பெங்களூரில் தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கியது. 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடிபட்டார்கள். சென்னையிலும் கோவையிலும் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைக் கேட்டால், பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடப்பதைப் பற்றியும், தொலைபேசியில் உண்டு என்ற வீடு நேரில் போனதும் இல்லையென்று ஆவதைப் பற்றியும் சொல்வார்கள். அவர்களில் ஒருவருக்கும் குமாசியில் நமக்குக் கொசுறு போட்டவளைத் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. மொய் எழுதிய கை எதுவோ அதற்கே திரும்பப் போய்ச் சேர வேண்டும் என்று எந்த ஊரிலும் கட்டாயமில்லை. அந்த வீட்டார் ஒருவருக்குச் செய்தால் போதும். கானாவிலிருந்து திரும்பி வந்தவருக்கு இந்த ஊரில் காத்திருக்கும் வேலை மிகச் சிறியது: வாடகைக்கு அறை தேடி அலையும் அப்படியொரு மாணவரோடு தாமும் கூடப் போய், படியேறி, வீட்டுக்காரரிடம் இவர் எனக்குத் தெரிந்தவர்தான் என்று சொல்லிவிட்டு, முன்பணம் பேசி முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு வர வேண்டும்.